புல்வெளியும் பூவேலையும்

காஞ்சியில் ஒரு துணியைக் கையில் வாங்குகிறவர் அதன் மேற்புறத்தை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. புரட்டி அடிப்புறத்தையும் பார்ப்பார். நெய்தவரின் நேர்மை அங்கேதான் தெரியும் என்பது இவ்வூர் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத்தரும் பாடம்.

நாம் குருத்துவ வெள்ளி விழாக் கண்ட ஆண்டில், உதகையிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் நமக்கு ஒரு சால்வை போர்த்தினார். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி. அதில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாகப் பூவேலை. விழா முடிந்து கூட்டம் கலைந்த பின், வாழ்நாளெல்லாம் பட்டுநூல் சுற்றிக் கை காய்த்துப்போன பங்குத் தாய் ஒருவர் அதை வாங்கி விரலால் தடவினார், புரட்டினார், மீண்டும் புரட்டினார். "சாமி, இதுல எது மேல் பக்கம், எது அடிப் பக்கம்னே தெரியலையே! யாரு கை வேலை இது?" என்று வியந்தார்.

"தோடர் பெண்கள் தைத்தது, அம்மா" என்பதற்கு மேல் அன்று நம்மால் விடை சொல்ல இயலவில்லை. அவ்விடை போதாது என்ற உணர்வு நம்மை நூலகத்துக்கும், பின்னர் இரு கோடைகளில் நீலகிரிக்கும் இட்டுச் சென்றது. சால்வைக்கும் மேற்புறம், அடிப்புறம் என்று ஒரு வரலாறு உண்டு என்பதை அங்கேதான் அறிந்தோம். அதையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நெய்யாதவர்களின் கலை

நீலகிரியின் மேல்மலையில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல், எருமை மேய்த்து வாழ்ந்து வந்த பழங்குடியினர் தோடர். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் ஏறத்தாழ 800 பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,000 பேர். தங்கள் சிற்றூரை 'மந்து' என்றும், உடலைச் சுற்றிப் போர்த்தும் நீண்ட துணியைப் 'பூத்துக்குளி' என்றும் வழங்குகின்றனர்.

நெசவூர்க்காரராகிய நமக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. தோடருக்குத் தறி கிடையாது. அவர்கள் என்றுமே நெய்தவர்கள் அல்லர். துணி சமவெளித் தறிகளிலிருந்து வருகிறது. நூலும் வெளியிலிருந்தே வருகிறது. அவர்களுடையது ஊசியும் கண்ணும் கணக்கும் மட்டுமே. துணியின் மீது கோடு வரைந்துகொள்வதில்லை. மாதிரிப் படம் வைத்துக்கொள்வதில்லை. துணியின் பாவு இழைகளையும் ஊடை இழைகளையும் எண்ணி எண்ணி, ஊசியை நுழைத்து வாங்குகிறார்கள். இழையை இறுக்காமல் சற்றே தளர விடுவதால் வேலைப்பாடு புடைத்து நிற்கிறது. முடிச்சும் அறுந்த நுனியும் வெளியே தெரியாததால் துணியின் இரு புறமும் உடுத்தத் தக்கதாகிறது. நம் பங்குத் தாயின் விரல்கள் தடுமாறியதற்குக் காரணம் இதுவே.

காஞ்சிப் பட்டில் கரையும் உடலும் வெவ்வேறு நிறமாக இருக்க, கோர்வை முறையில் அவற்றை இணைக்கும் நெசவாளர் இழைக் கணக்கில் ஒன்று தவறினாலும் சேலை முழுதும் பழுதாகும். அதே கணக்கைத் தோடப் பெண் தறியின்றி, பலகையின்றி, மந்தின் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டே போடுகிறார். தாயிடமிருந்து மகள் பார்த்துக் கற்பதே அங்குள்ள ஒரே பள்ளி.

அவர் தைப்பது எதை? எருமையின் வளைந்த கொம்பு, மலரிதழ், முயற்காது, மயிலிறகு, ஞாயிறு, திங்கள் என்று தம்மைச் சுற்றிக் கண்டவற்றையே. புல்வெளியில் நாள்தோறும் கண்ணில் பட்டவை ஊசிமுனையில் கணக்காக மாறுகின்றன. ஆண்களுக்குரியது பால்மனையின் வழிபாடு. தோடரின் கோயில் என்பது எருமைப் பாலைக் கடையும் பால்மனையே. அதனுள் பெண்களுக்கு இடமில்லை. ஆனால், ஒருவர் இறந்தால் அவரது உடலைப் போர்த்துவது பெண் தைத்த பூத்துக்குளியே. திருமணம் முதலிய விழாக்களில் உடுப்பதும் அதுவே. மறுவுலகுக்கு உடுத்திச் செல்வதும் அதுவே. வழிபாட்டு மனைக்குள் நுழைய இயலாத பெண்ணின் கைவேலை, மனிதனின் கடைசிப் பயணத்தில் உடன் செல்கிறது.

தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் அறக்கட்டளை, பூம்புகார் நிறுவனம் ஆகியவற்றின் முயற்சியால் 2013ஆம் ஆண்டு இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிப் பட்டு அக்குறியீட்டைச் சில ஆண்டுகளுக்கு முன்பே பெற்றுவிட்டது. எனவே சட்டத்தின் பார்வையில் இரண்டும் உடன்பிறப்புகளே.

நூற்கண்டு கொண்டு சென்ற குரு

தோடரைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் முதல் நேரடிச் சாட்சியம் ஒரு கத்தோலிக்கக் குருவினுடையது என்பதை நம்முள் பலர் அறியோம். மலைநாட்டில் 'தோடமலை' என்னும் உயர்ந்த இடத்தில் புனித தோமையாரின் வழிவந்த கிறித்தவர்கள் தொடர்பற்றுப் போய் வாழ்கிறார்கள் என்ற செய்தி பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மலபார்க் கரையில் உலவியது. இயேசு சபையைச் சேர்ந்த ஆயர் பிரான்சிஸ்கோ ரோஸ் முதலில் சிலரை அனுப்பிப் பார்த்தார். பின்னர் 1603ஆம் ஆண்டு, கோழிக்கோட்டில் பணியாற்றிய இத்தாலிய இயேசு சபைக் குரு ஜாக்கொமோ பெனிச்சியோ மலையேறினார். பிற்காலத்தில் இந்திய மக்களின் சமயத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதியவரும் இவரே.

தேடிச் சென்ற கிறித்தவர்களை அவர் காணவில்லை. எருமை மேய்ப்போரையும் அவர்களது பால்மனைப் பூசகரையும், உழவுத் தொழில் செய்த படகரையும் கண்டார். ஆணும் பெண்ணும் ஒற்றை நீள்துணியைப் போர்த்தியிருந்ததைக் குறித்துவைத்தார். தாம் கொண்டு சென்ற கண்ணாடிகளையும் நூற்கண்டுகளையும் பெண்களுக்குக் கொடுத்தபோது அவர்கள் பெரிதும் மகிழ்ந்தனர் என்றும் எழுதினார். மலைவழி மிகக் கடினம், மக்களோ மிகச் சிலர் என்று அறிவித்துத் திரும்பினார். மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1901-02ஆம் ஆண்டுகளில் தோடரிடையே ஆய்வு செய்த ஆங்கில அறிஞர் ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட தம் நூலின் பின்னிணைப்பில் இக்கடிதத்தைச் சேர்த்து உலகறியச் செய்தார்.

குரு ஒருவர் கொடுத்த நூலிலிருந்துதான் தோடரின் பூவேலை பிறந்தது என்று உரிமை கொண்டாடுவது பேதைமை. ஆனால் அந்த நூற்கண்டு நம் சிந்தனையை விட்டு அகலவில்லை. சமவெளியிலிருந்து மலைக்குச் சென்ற முதற்பரிசுகளுள் ஒன்று நூல். அதன் பின்னர் சமவெளி மலையிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன?

'தரிசு' என்று ஒரு சொல்

பெனிச்சியோ கண்ட மலையில் நால்வகை மக்கள் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்தனர். தோடர் பாலும் நெய்யும் தந்தனர். படகர் தானியம் தந்தனர். கோத்தர் இரும்புக் கருவிகள் தந்தனர், கோத்தப் பெண்கள் மட்பாண்டம் வனைந்தனர். குறும்பர் தேனும் காட்டுப் பொருள்களும் தந்தனர். குறையற்ற சமத்துவம் அங்கு நிலவியது என்று சொல்ல வரவில்லை. ஆயினும், மண் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே அதன்மீது சுமத்தப்பட்டது.

1819ஆம் ஆண்டு கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலைமேல் ஏறினார். 1820களின் தொடக்கத்தில் உதகையில் கல்வீடு கட்டினார், ஏரியை உருவாக்கினார். அவ்விடத்தைத் தோடரிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் விலையில் பெற்றார் என்பர். ஒன்றை அவருக்காகச் சொல்லியாக வேண்டும்: மலையின் உரிமையாளர் தோடரே, நிலம் எடுப்போர் அவர்களுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று வாதிட்டவர் அவர். சென்னை அரசு அதை முழுமையாக ஏற்கவில்லை. மரமில்லாத நிலம், ஏர் படாத நிலம், ஆகவே தரிசு என்பதே ஆட்சியாளரின் கணக்கு.

உண்மையில் அது தரிசன்று. நீலகிரியின் மேல்மலை, மடிப்புகளில் சோலைக் காடும் சரிவுகளில் புல்வெளியும் மாறி மாறி அமைந்த நிலம். இரு பருவமழைகளையும் புல்லின் வேர்த்தொகுதி பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. பைக்காரா, மோயாறு, பவானி ஆகியவை அந்தச் சேமிப்பில் வாழ்பவை. பவானி காவிரியில் கலக்கிறது. எனவே சமவெளியில் நெல் விளைவதற்கும் அந்தப் புல்லே ஒரு காரணம்.

தரிசு என்று எழுதப்பட்ட பின் எல்லாம் விரைந்து நடந்தன. 1830களில் கேத்தியில் தேயிலைச் சோதனை. 1840களில் ஆஸ்திரேலியாவின் தைலமரமும் சீகை மரமும். 1860களில் தொட்டபெட்டாவில் சின்கோனா. பெருந்தோட்டங்கள் பரவின. விடுதலைக்குப் பின்னும் போக்கு மாறவில்லை. சீகை மரப்பட்டை தோல் பதனிடுவதற்கு உதவியது. தைலமரம் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குச் சென்று கூழாகி, ரேயான் இழையாயிற்று. அவ்விழைக்கு வணிகர் வைத்த பெயர் செயற்கைப் பட்டு! எருமை மேய்ந்த புல்வெளி மரமாகி, மரம் போலிப் பட்டாகி, காஞ்சியின் உண்மைப் பட்டுக்கே போட்டியாக வந்த கதையை நம் நெசவாளர்கள் அறிவார்களா? அந்த ஆலையின் கழிவால் பவானி மாசடைகிறது என்று மக்கள் போராடியதும், ஆலை பின்னர் மூடப்பட்டதும் அண்மைக் கால வரலாறு.

கிழங்கும் கேரட்டும்

வேளாண்மையின் கதை இன்னும் நுட்பமானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்ற தேசிய முழக்கத்தின் கீழ், புல்வெளிகள் உருளைக்கிழங்கு வயல்களாயின. பின்னர் கேரட், முட்டைக்கோசு, பீட்ரூட் ஆகியவை சேர்ந்துகொண்டன. தோடருட் பலரும் எருமையை விட்டு ஏரைப் பிடித்தனர். சிலர் நிலத்தைப் பிறரிடம் சாகுபடிக்கு விட்டனர். மேய்ச்சல் சுருங்கச் சுருங்க எருமை மந்தைகளும் சுருங்கின.

ஒரே பயிரை ஒரே சரிவில் ஆண்டுதோறும் விளைவித்தால் நோய் வந்தே தீரும். 1961ஆம் ஆண்டு உதகைப் பகுதியில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. அதைக் கொல்ல மண்ணில் கார்போபியூரான் போன்ற நஞ்சுகள் இடப்பட்டன. பூஞ்சைக்கு ஒரு மருந்து, பூச்சிக்கு ஒரு மருந்து, களைக்கு ஒரு மருந்து, வளம் குன்றிய மண்ணுக்கு மேலும் உரம் என்று செலவு ஏறியது. மழை வந்தபோது, புல்லின் பிடியை இழந்த மேல்மண் அந்த நஞ்சையும் சுமந்துகொண்டு ஓடைக்குள் இறங்கியது.

கேத்தி பாலாடாப் பக்கம் சென்றபோது பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைப் பாய் விரித்தாற்போல் காய்கறி வயல்களைக் கண்டோம். கேரட்டைக் கழுவும் இயந்திரங்கள் ஓடையோரம் இரைந்தன. கழுவிய நீர் செந்நிறச் சேறாக ஓடையில் இறங்கியது. முன்பு அத்தகைய பள்ளங்களின் அடியில் சதுப்பு நிலம் இருக்கும். தோடரின் பால்மனைக் கூரையை வேயும் ஒருவகைப் புல் அந்தச் சதுப்பில் மட்டுமே வளர்வது. சதுப்பை வடித்துக் கேரட் விதைத்தால் அப்புல் எங்கே வளரும்? உதகை முத்துநாடு மந்தில் கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் பழங்கோயிலின் கூரையைப் புதுப்பிக்க வேண்டுமானாலும், புல்லைத் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டிய காலம் இது.

சரிவுகளை வெட்டியதன் விலையை மலை வேறு வகையிலும் கேட்டது. 1978, 1979ஆம் ஆண்டுகளில் பெரும் மண்சரிவுகள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில். 2009 நவம்பரில் ஒரே மழைக்காலத்தில் 40-க்கும் மேற்பட்ட உயிர்கள். மழையே காரணம் என்பது பாதி உண்மை. கட்டடங்களும் சாலைகளும் வயல்களுமாக நாம் குலைத்த மண் மறுபாதி.

எதிரி யார்?

இவ்விடத்தில் நாம் நிதானிக்க வேண்டும். மலையின் உழவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஆனால் அது நீதியன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வேரோடு பிடுங்கப்பட்டுத் தாயகம் திரும்பிய தமிழ்த் தொழிலாளர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. காடு திருத்தித்தான் அவர்களுக்கு வேலை கொடுக்கப்பட்டது. ஏழைக்கு வாழ்வளிக்க மற்றோர் ஏழையின் நிலமே எடுக்கப்பட்டது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை வீழ்ந்தபோது சிறு விவசாயிகள் கண்ணீரோடு தெருவுக்கு வந்தனர். காய்கறி விவசாயியோ கடன் வாங்கி விதைத்து, சந்தை விலைக்கு அஞ்சி, அஞ்சியதனாலேயே இன்னொரு முறை மருந்து தெளிக்கிறார்.

அப்படியானால் எதிரி யார்? மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கும் மூட்டை கோயம்பேட்டுக்கு வருகிறது. அங்கிருந்து காஞ்சிக்கு வருகிறது. கோணல் இல்லாத, புள்ளி இல்லாத, மண் ஒட்டாத ஊட்டிக் கேரட்டை மலிவாகக் கேட்பவர் நாம். மண் ஒட்டாமல் இருக்கத்தான் ஓடை சேறாகிறது. புள்ளி இல்லாமல் இருக்கத்தான் மருந்து தெளிக்கப்படுகிறது. நம் கூடைக்கும் அம்மலைக்கும் இடையே உள்ள தொடர்பு, பூத்துக்குளியின் அடிப்புறத்து இழைபோல, தேடினால்தான் தெரியும்.

கலை எங்கே வாழ்கிறது?

தோடரின் கலை அழிந்துவிட்டதா என்றால், இல்லை. முன்னெப்போதையும் விட இன்று அது மிகுதியாக விற்பனையாகிறது. கைப்பை, கைப்பேசி உறை, மேசை விரிப்பு எனப் புதிய வடிவங்களும் வந்துள்ளன. பெண்களின் கையில் சொந்த வருமானம் நிற்பது மகிழத் தக்கதே. இயந்திரத்தில் அச்சடித்த போலிகளும் கூடவே வருகின்றன. அதுவும் காஞ்சிக்குப் பழகிய துன்பமே.

ஆனால் நம்மை வருத்தும் கேள்வி வேறு. 1935 முதல் தோடரிடையே தங்கி அவர்களது மொழியைக் கற்ற அறிஞர் எமனோ, அவர்களது பாடல்களைத் திரட்டி 1971இல் பெருநூலாக வெளியிட்டார். குன்றுக்கும் சுனைக்கும் மேய்ச்சலுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, அப்பெயர்களைக் கொண்டே பாடுவது தோடர் மரபு. பாட்டில் பெயராக நிற்பது பூவேலையில் உருவமாக நிற்கிறது. எருமை இல்லாத மந்தில் வளரும் சிறுமி, தாயின் துணியைப் பார்த்தே கொம்பின் வளைவைத் தைக்கிறாள். விரல் தவறுவதில்லை, எண்ணிக்கை பிழைப்பதில்லை. ஆயினும் பார்த்துத் தைத்தது, படியெடுத்துத் தைப்பதாக மாறுகிறது. புவிசார் குறியீடு ஒரு கலையின் பெயரைக் காக்கிறது. அப்பெயரில் உள்ள 'புவி'யைக் காப்பது யார்?

இது தோடருக்கு மட்டும் நேர்ந்ததன்று. காஞ்சியின் பட்டு நூல் பெரும்பாலும் கருநாடகத்தின் மல்பெரித் தோட்டங்களிலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. சேலை நம்முடையது, மண் பிறருடையது. ஒவ்வொரு கலையும் தான் காணாத ஒரு நிலத்தின் மீது நிற்கிறது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், பழங்குடியினருக்கு நிலம் விற்பனைச் சரக்கன்று, இறைவனும் அங்கே துயிலும் முன்னோரும் தந்த கொடை என்று நினைவூட்டினார். பூத்துக்குளியில் போர்த்திய முன்னோரைத் தன் மடியில் ஏற்ற மண்ணைப் பற்றி இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல இயலாது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1986இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகமும் 1990இல் முக்குருத்தி தேசியப் பூங்காவும் எஞ்சிய புல்வெளிக்கு ஓரளவு காவலாயின. பழங்குடியினரின் வன உரிமையை 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அயல் மரங்களை அகற்றிப் புல்லை மீண்டும் வளர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. நஞ்சில்லா வேளாண்மைக்குத் திரும்பும் உழவரும் உள்ளனர். அவர்களது கோணல் கேரட்டுக்கு நேர்மையான விலை கொடுக்க முன்வருவோமாயின், அது மலைக்குச் செய்யும் தானமன்று. பழைய கடனில் ஒரு தவணை.

சென்ற மாதம் அந்தப் பங்குத் தாயைச் சந்தித்தபோது இவற்றையெல்லாம் சொன்னோம். நெடுநேரம் அமைதியாகக் கேட்டிருந்தார். பின், "நூல் நல்லா இருந்தா மட்டும் போதுமா சாமி? தறி நிக்கிற தரையும் உறுதியா இருக்கணும்ல" என்றார். குழித்தறியின் அருகே அறுபது ஆண்டுகள் அமர்ந்தவர் சொன்ன அச்சொல்லுக்கு மேல் நாம் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. 1603இல் ஒரு குரு அம்மலைக்கு நூற்கண்டு கொண்டு சென்றார். இன்று அங்குச் செல்லும் நாம் சால்வையை வாங்கி வருகிறோம். அதைத் தைத்தவரின் காலடியில் புல் இருக்கிறதா என்று ஒரு முறை குனிந்து பார்த்து வருவோம்.